லீக்ஸ் பாத்தியில் கிடந்த முனைகள்

ஆல்டர்பி
29 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள ஹேசல் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கிரேமும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதல். பூமியின் தென்பாதியில் உங்கள் பக்கம் குளிர் விட்டு வசந்தம் எட்டிப் பார்க்கிறது என்றாய், இங்கே அதற்கு நேர் எதிர், நேற்றுத்தான் கம்பளிப் போர்வையை வெளியே எடுத்தேன். நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்காலைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். போன வாரம் போனில், யார் வளர்த்த வெங்காயத் தண்டு பெருசு என்று கிளப்பில் பார்ப்பார்களே, அந்த லீக்ஸ் போட்டியில் எத்தனையாவது என்று நீ கேட்டாய், அப்பா "இந்த வருஷம் கலந்துக்கல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்தார். மறுநாளே நீ எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாய், அப்பாவுக்கு என்ன வியாதி, மறைக்காமல் சொல் என்று. வியாதி ஒன்றும் இல்லை கண்ணே. ஆனால் முப்பத்தொரு வருஷமாக ஒரு போட்டியையும் விடாத மனுஷன் ஏன் விட்டார் என்பது போனில் சொல்கிற கதை இல்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். இப்போது கிளப்புக்குப் போயிருக்கிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது நாடு முழுக்க நூற்றுக்கு மேல் பள்ளிகளை மூடினார்களே, கூரையில் காற்றுக் குமிழி வைத்த கான்கிரீட் இருக்கிறது, எப்போது விழும் என்று சொல்ல முடியாது என்று, அன்றைக்குத்தான் இது ஆரம்பம். அன்று செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து டிவியை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது, அவர் விளையாட்டுச் செய்தி வருவதற்கு முன் டிவியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அப்புறம் நம் ஊரிலும் ஒவ்வொன்றாக மூடினார்கள். நூலகம் இப்போது பழைய செருப்புக்கடையில் நடக்கிறது, புத்தகம் எடுக்கப் போனால் இன்னும் தோல் வாசனை. சுகாதார நிலையத்தின் நடையில் வரிசையாக இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நர்ஸ் ஒருத்தி அதில் தன் கோட்டை மாட்டி வைத்திருக்கிறாள். எல்லோரும் திட்டினார்கள், பழகிவிட்டார்கள். எனக்குத்தான் பழகவில்லை. இது ஆபத்து என்று எத்தனையோ வருஷத்துக்கு முன்பே தெரியும் என்கிறார்களே, அப்படியென்றால் தெரிந்தது யாருக்கு, தெரிந்தவர் யாரிடம் சொன்னார், கேட்டவர் அதை எந்த அலமாரியில் வைத்தார்? அம்மாவுக்கு மூக்கு நீளம் என்று நீ சின்ன வயதிலேயே சொல்வாய், அந்த மூக்கோடுதான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், லண்டனில் இருக்கிற கல்வித் துறைக்கு எழுதினேன், நம் எம்.பி.க்கு எழுதினேன், கவுன்சிலுக்கு எழுதினேன். பதில் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன், பதினொரு பதில், எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் வழிகாட்டுதலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னது. அரசாங்கம், பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி பெற்றவை, அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. கவுன்சில் எம்.பி.யைக் கேட்கச் சொன்னது, எம்.பி.யின் அலுவலகம் கவுன்சிலைக் கேட்கச் சொன்னது. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். கட்டடங்களில் இந்தக் கான்கிரீட் இருக்கிறதா என்று மேலே இருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது, அதில் ‘தெரிந்தவரை இல்லை’ என்று டிக் செய்ய ஒரு கட்டம் இருந்திருக்கிறது. கூரைமேல் ஏறாமலே அந்தக் கட்டத்தில் டிக் போடலாம். எத்தனை பேர் போட்டார்கள் என்று கேட்டு எழுதினேன், அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லையா நோரீன், தபால்காரனுக்கு முதுகு ஒடியுது" என்பார். சிரிப்பார், ஆனால் கண் சிரிக்காது, அதை நான் கவனித்தேன், காரணம்தான் தெரியவில்லை.

இப்போது பல்கலைக்கழகத்தின் விசிறி மண்டபத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத இடமா, நீ பட்டம் வாங்கியதே அங்கேதான், உன் தொப்பி பறந்து பேராசிரியர் மடியில் விழுந்ததும் அங்கேதான். நான் பத்தொன்பது வருஷம் துடைத்துப் பெருக்கிய மண்டபம். கிழக்குச் சுவர் பக்கம் கடைசி வரிசைகளில் மழை பெய்தால் ஒழுகும், எந்த இருக்கைக்குக் கீழே எந்த வாளி என்று எனக்கு மனப்பாடம், எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரோ வந்து தார் பூசிவிட்டுப் போவார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் வாளி. இந்தக் கோடையில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதே காற்றுக் கான்கிரீட்தான், ஆனால் கவலைப்பட வேண்டியதில்லை, வழக்கம்போலத் திறக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கட்டடப் பிரிவில் இருந்து ஜோசி ஹார்க்கர் என்று ஒரு பெண் வந்து விளக்கினாள், முப்பத்தைந்து வயது இருக்கும், பொறுமையானவள். பலகை பலகையாகத் தொழிற்சாலையில் செய்து வருகிற கூரை அது, பலகைக்குள் நீளவாக்கில் கம்பி ஓடும், இரண்டு முனையிலும் அந்த நீளக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள குறுக்குக் கம்பி இருக்கும், சுவர்மேல் உட்காருவது அந்த முனைதான், அது இருக்கும்வரை தாங்கும், வரைபடத்தின்படி எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்த முழுப் பலகைகள் என்றாள். நான் கையைத் தூக்கினேன். மண்டபம் விசிறி மாதிரி விரிந்து கிழக்குச் சுவர் கோணலாகச் சாய்ந்து போகிறதே, நேர்ப் பலகை கோணல் சுவரில் எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அவள் காகிதத்தைப் புரட்டினாள், "அந்த அளவுக்கே செஞ்சு வாங்கியிருப்பாங்க மேடம், நான் பார்த்துச் சொல்றேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் டீ எப்போது கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பட்டாணி அப்படியே இருந்தது. இரண்டு வாரம் வெளியே லீக்ஸ் பாத்தியிலேயே கிடந்தார், போட்டி நெருங்கினால் வழக்கமாக அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, துணி உலர்த்தப் போனபோது பாத்தியின் ஓரத்தைச் சும்மா பார்த்தேன், மண் சரியாமல் சுற்றி அடுக்கிய அந்தச் சாம்பல் நிறக் கட்டிகளை உனக்கு ஞாபகம் இருக்குமே, மேலே நின்று கால் வழுக்கி விழுவாய். ஐம்பது வருஷமாகத் தினமும் பார்த்த கட்டி. அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று அச்சில் வார்த்த மாதிரி, எதிர்ப் பக்கம் சாய்வாக, ரம்பம் போன தடம் தடமாக. சமையலறைக்குப் போய் திருப்புளியை எடுத்து வந்து குத்தினேன், பழைய கேக்கில் போகிற மாதிரி உள்ளே போயிற்று. அதற்குள் அப்பா கொட்டகையில் இருந்து கத்திக்கொண்டு வந்தார், "யாரது அங்க, லீக்ஸ்கிட்ட யாரு!" என்று, நான்தான் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். என் கையில் திருப்புளியைப் பார்த்தார். "நீ அறுத்ததா கிளிஃப்" என்று கேட்டேன். "நானும்தான்" என்றார். அப்புறம் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்திரண்டாம் வருஷம் அந்த மண்டபம் எழும்பியபோது அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது, கூரை போடும் ஐந்து பேரில் அவர் ஒருவர் என்பது உனக்கும் தெரியும், நீ சின்னவளாக இருந்தபோது பஸ்ஸில் அந்தப் பக்கம் போனாலே உன் தலையைத் திருப்பிக் காட்டுவார். தெரியாதது இதுதான். பலகைகள் எல்லாம் ஒரே நீளத்தில் வந்து இறங்கின. மேற்குப் பக்கம் பொருந்திற்று, கிழக்குக் கோணலில் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீண்டு நின்றது. திருப்பி அனுப்பினால் ஆறு வாரம் ஆகும், அக்டோபரில் திறந்தாக வேண்டும். மேஸ்திரி டாட்ஸ் எங்கேயோ போன் பேசிவிட்டு வந்து, "மரம் மாதிரிதான்டா அறுபடுது, அறுத்துப் போடுங்க" என்றாராம். அறுத்தார்கள். மரம் அறுக்கிற ரம்பத்தாலேயே அறுபட்டதாம், அதில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம், கம்பி வந்த இடத்தில் மட்டும் வேறு வாள். விழுந்த துண்டுகள் மலையாகக் குவிந்தன. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வேலையிடத்தில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு வராதவன் ஆம்பளையே இல்லை. செங்கல், ஓடு, கதவு என்று பாதித் தெரு அப்படிக் கட்டியதுதான். லேசான கான்கிரீட், தண்ணீரையும் பிடித்து வைக்கும், லீக்ஸுக்கு நல்லது என்று அப்பாவும் ஐந்தாறு நடை கொண்டு வந்தார். எதில் தெரியுமா? உனக்காக என் அம்மா வாங்கி வைத்திருந்த தள்ளுவண்டியில். நீ வயிற்றில் இருக்கும்போதே அந்த வண்டியில் கான்கிரீட் ஊர்வலம் வந்துவிட்டது. ஐந்து பேரும் எடுத்துக்கொண்டார்கள், மீதி லாரியில் போயிற்று.

நான் ஹார்க்கர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். குறுக்குக் கம்பி இருப்பது முனையில். முனை இருப்பது நம் வீட்டுத் தோட்டத்தில். அப்படியானால் மண்டபத்தின் கிழக்குச் சுவர்மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது? நான் கீழே வாளி வைத்த அதே பக்கம், ஹேசல். உன்னையும் அதே கூரைக்குக் கீழேதான் உட்கார வைத்தோம், அப்பா கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் கைதட்டினார். அதை நினைத்ததும் அழுதுவிட்டேன். அப்பா அழவில்லை. "போன வருஷம் டிவியில பார்த்தப்பவே தெரிஞ்சுது நோரீன். விசாரணைன்னு வந்தா அவங்களுக்கு ஒரு பேரு வேணும். டாட்ஸ் செத்துட்டான், கூட அறுத்த மத்தவங்களும் போயிட்டாங்க, மிச்சம் இருக்கற பில்லுக்கு அவன் பொண்டாட்டி பேரே தெரியல, முதியோர் ஹோம்ல கெடக்கான். மாட்டுறது நான்தான். லண்டன்ல இருக்கறவன எவனும் கேக்க மாட்டான், ரம்பம் புடிச்சவனத்தான் புடிப்பாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் பாதி, அவர் சொன்னது பொய்யாக இருக்காது என்பதால் மீதி. ஒரு வருஷம் இதை என்னிடமே மறைத்தாயே என்று சண்டை போட்டேன். நான் கடிதம் எழுதி எழுதித் தேடிய ஆள் என் எதிரிலேயே உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்யச் சொன்னார். அலுவலகத்தில் எடுத்தவர், குறித்துக்கொள்கிறோம், வரைபடத்தில் அப்படி இல்லையே, காட்டுவதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, லீக்ஸுக்குக் கீழே. அந்தக் கட்டிகளைத் தூக்கினால் பாத்தி சரியும், வேர் அறும், போட்டி சனிக்கிழமை. இந்த வருஷ லீக்ஸின் வெள்ளைத் தண்டுகள் என் கைக்கு அடங்காத பருமன், அப்பா அவற்றை எனக்கே முழுசாகக் காட்டவில்லை, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார், கிளப்பில் அவருக்குப் போட்டியான கென், கோப்பையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவன் மாதிரி பேசிக்கொண்டு திரிந்தான். நான் அவரிடம் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவர் மேசையில் இருந்த அறிவிப்பைத் தள்ளினார், வெள்ளிக்கிழமை புதுப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து பார்க்கும் நாள், முந்நூறு பேர், இடம் விசிறி மண்டபம், வானிலையில் வியாழன் இரவில் இருந்து மழை. "வாளி வெக்க நீயும் இல்ல அங்க" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சன்னல் வழியாகப் பார்த்தேன், சாக்கை விலக்கி ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினார். மொத்தத்தையும் கொண்டு வந்து சமையலறைத் தொட்டியில் போட்டு, "சூப் வை" என்றார். போட்டிக்கு முன்னால் நம் வீட்டில் லீக்ஸ் சூப் வைத்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை ஹார்க்கர் வந்தாள். நல்ல செருப்போடு சேற்றில் மண்டியிட்டாள். ஒரு கட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வழவழப்பான பக்கத்தில் சுரண்டினாள், துருப்பிடித்த குறுக்குக் கம்பி விரல் நீளத்துக்குத் தெரிந்தது. "இது இங்க இருக்கக் கூடாது" என்றாள். "தெரியும்மா" என்றார் அப்பா. சூப் கொடுத்தேன், இரண்டு கிண்ணம் குடித்தாள். என்மேல் வழக்கு வருமா என்று அப்பா நேரடியாகவே கேட்டார், அவள் மழுப்பவில்லை, "எனக்குத் தெரியாது சார். வராதுன்னு நான் சொன்னா அது பொய்" என்றாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் ஒரு ஆச்சரியம் இருந்தது, பழைய கோப்பை எடுத்துப் பார்த்தாளாம், கூரையைச் சோதித்து ஏற்றுக்கொண்டவர் என்று அச்சடித்த இடத்தில் தேதி இருக்கிறதாம், கையெழுத்து இல்லையாம். அப்பா வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார், ஐந்தே வரி, கிழக்குப் பக்கம் பலகைகளை அறுத்தவர்களில் நான் ஒருவன், மேஸ்திரி சொன்னார், அவருக்குப் போனில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, கண்டுபிடியுங்கள் என்று. கீழே பெயரைத் தெளிவாகப் போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் உட்கூரையைப் பிரித்துப் பார்த்தபோது, நாலு விரல் அகலமாவது சுவர்மேல் இருக்க வேண்டிய பலகை சில இடத்தில் இரண்டு விரல்தான் இருந்ததாம், அதுவும் ஈரத்தில் ஊறி. எந்த வரிசைக்கு மேலே என்று கேட்டேன். என் வாளி வரிசைதான்.

மண்டபத்தைப் பூட்டிய அன்றைக்கே நடந்ததை எல்லாம் எழுதி லண்டன் துறைக்கு நான் ஒரு கடிதம் போட்டேன், மற்ற பல்கலைக்கழகங்களில் கோணல் சுவர் இருக்கும் கட்டடம் எத்தனை, அறுத்த பலகையைத் தேடச் சொல்லி யாராவது உத்தரவு போடுவார்களா என்று. இந்தத் தடவை வேகமாகப் பதில் வந்தது, பன்னிரண்டாவது. உங்கள் கருத்துக்கு நன்றி, இந்த வகைக் கான்கிரீட் யார் வசம் உள்ளதோ அதன் பொறுப்பு அவர்களையே சாரும் என்பது அரசின் நிலைப்பாடு என்று. கீழே பெயர் இல்லை, துறையின் முத்திரை மட்டும். நான் கடுப்பில் அதைக் கசக்கப் போனேன், அப்பா வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்புறம் தோட்டத்துக்குப் போய் ஹார்க்கர் எடுத்தது போக மிச்சமிருந்த கட்டிகளில் ஒன்றை, ஒரு ரொட்டி அளவுக்கு அறுத்து, கம்பி தெரிகிற மாதிரி துடைத்து, கிழிந்த துவாலையில் சுற்றி, பெட்டியில் வைத்தார். ஒரு சீட்டில் ‘அம்பத்திரண்டு வருஷம் என் வசம் இருந்தது, என் பொறுப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி இது உங்கள் வசம்’ என்று எழுதிப் போட்டார். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்க வேண்டும் என்கிற தபாலில் அனுப்பினோம், தபால் நிலையத்தில் இருக்கும் டோரிக்கு அதைத் தூக்கி எடை போடுவதற்குள், "என்ன கிளிஃப், லீக்ஸ அனுப்புறியா" என்று சிரிப்புத் தாங்கவில்லை.

சரி கண்ணே, அவர் வருகிற நேரமாயிற்று. நீ அவரிடம் போட்டியைப் பற்றிக் கேட்காதே, சூப் எப்படி இருந்தது என்று கேள், அவர் சொல்லுவார். பத்திரிகைக்காரர் ஒருவர் வரப்போகிறாராம், அங்கேயும் செய்தி வந்தால் பதறாதே, அப்பா ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், போன வருஷம் முழுக்கத் தூங்காதவர். நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு என்ன வயது, ஒழுகுகிறதா, ஒழுகினால் வாளி வைத்துவிட்டுப் போய்விடாதே, மேலே யார் என்ன செய்தார்கள் என்று கேள், கேட்டதை எழுதி வை. கிரேமுக்கு என் அன்பு, பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் எல்லோரும் நல்ல கூரைக்குக் கீழே நீண்ட நாள் நிம்மதியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நாங்கள் கேட்பது.

என்றும் உன்மேல் உயிரான,
அம்மா, நோரீன்

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை டோரி கம்ப்யூட்டரில் பார்த்து எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்தாள், பெட்டி திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டோம், முதல் எழுத்து என்ன என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் தகராறு. ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூரைக்கு அவர்கள் பக்கத்தில் இருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பது இதுதான் முதல் தடவை. பிஸ்கட் டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.